ஆட்டுக் குளம்பும் ஆறு இலக்கமும்

உங்கள் சொந்த ஊர் எது?

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் நான் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் கணவரின் தம்பி, எனக்குத் தெரியாமல், அதே கேள்விக்கு அதே பதிலைச் சரியாக எழுதி என் கணக்குக்குள் நுழைந்துவிட்டார். என்ன எழுதினார் என்று அவருக்கும் இப்போது நினைவில்லையாம்.

பார்த்தால் சுலபமான கேள்விதான். நான் பிறந்து வளர்ந்தது கூரம். ஆனால் அப்பாவிடம் யாராவது சொந்த ஊர் கேட்டால் திருப்புட்குழி என்பார். அவருடைய அப்பா அங்கிருந்து வந்தவர். கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த வாரத்திலேயே மாமியார், "இனிமே ஊரு கேட்டா காஞ்சிபுரம்னு சொல்லுமா, கூரம் கீரம்னு சொல்லிக்கினு இருக்காத" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சரி, சொன்ன பேச்சைக் கேட்டுக் காஞ்சிபுரம் என்றே எழுதியிருந்தாலும், ஆங்கிலத்தில் எப்படி எழுதினேன்? நடுவில் ஒற்றை 'ஐ' போட்டா, இரட்டை 'ஈ' போட்டா? எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகைகளிலேயே இரண்டு விதமும் இருக்கிறது. வெறும் 'காஞ்சி' என்று சுருக்கியும் இருக்கலாம். அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் எழுதி முடிக்க உட்கார்ந்தவள் நான்.

என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவைகளுக்கு பார்டர் வரைவது என் வேலை. கணினியில் கட்டம் கட்டமாக வரைவேன். ஒரு கட்டம் என்பது ஒரு நூல் இன்னொரு நூலைக் கடக்கும் இடம். அந்தக் கோப்பை அனுப்பினால் அதைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினால் எந்த நூல் எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று அவை தீர்மானிக்கும். கணினி அறிவியல் படித்துவிட்டு, குழந்தையை விட்டு வேலைக்குப் போக மனமில்லாமல், வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்ட வேலை இது. என் கோப்புகள் எல்லாம் ஓர் இணையதளத்தில் என் கணக்கில் இருக்கின்றன. தளத்தின் பெயர் வேண்டாம். கடவுச்சொல் மறந்துவிட்டால் அந்தத் தளம் இரண்டு காரியம் செய்யும். முதலில் நாம் முன்பே தேர்ந்தெடுத்து வைத்த ரகசியக் கேள்வியைக் கேட்கும். பதில் சரி என்றால் நாம் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பும். இரண்டும் சரியாக இருந்தால் நாம்தான் நாம் என்று நம்பிவிடும்.

நான் கொடுத்து வைத்திருந்தது என் மாமனாரின் எண்ணை.

ஏன் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. எங்கள் வீட்டில் சிலிண்டர், ரேஷன், மின்கட்டணம், வங்கி எல்லாவற்றுக்கும் அவருடைய எண்தான். மருமகள் தன் எண்ணைத் தனியாகக் கொடுத்தால் ஏதோ பிரித்து வைப்பதுபோல் இருக்குமோ என்று பயந்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததற்கெல்லாம் பயப்படுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

மாமனார் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கூடத்து ஜன்னலோரம்தான் அவருடைய நாற்காலி. ஓடிபி வந்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி படிப்பார்.

"வந்துச்சு, வந்துச்சு! யாருதுபா இது? எழுதிக்கோங்க!"

ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படிப்பார். மாடியில் இருப்பவர்களுக்காக இன்னொரு முறை படிப்பார். கடைசியில் "டூ நாட் ஷேர் திஸ் வித் எனிஒன்" என்ற வரியையும் அதே குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்து முடிப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "உங்க மாமா படிக்கிற சத்தத்துக்கு, எங்க வூட்டு வாசல்லயே சிலிண்டர இறக்கிட்டு போறான்மா" என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். அதிலுள்ள ஆபத்து எனக்குத் தெரியாததல்ல. கல்லூரியில் இதைப் பற்றித் தேர்வே எழுதியிருக்கிறேன். ஆனால் தேர்வில் வந்த திருடன் எப்போதும் வெளியே, தூரத்தில், முகம் தெரியாதவனாக இருந்தான்.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் வந்தாள். மாகறல் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவைக்கு பார்டர் வரைய வேண்டும் என்று வண்டியை நிறுத்திவிட்டு நேராக என் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மயிலு, அன்னம், மாங்கா எதுவும் வேணாம்கா."

"சரி, வேற என்ன வேணும்?"

"ஆட்டுக்குட்டி காலு போட முடியுமா?"

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஈர சிமென்ட் தரையில் ஒரு தாய் ஆடும் குட்டியும் நடந்துபோன தடம். ஒவ்வொரு தடமும் நடுவில் பிளந்த ஒரு விதைபோல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளைவுகள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, மறுபடி பெரியது.

"மாப்ள வூட்ல ஒரு கெழவி, 'பொண்ணு கிட்ட வந்தாலே ஆட்டு நாத்தம் அடிக்குது'ன்னு சொல்லிச்சுகா. எங்க அம்மா அழுதுது. நான் எதுக்கு அழணும்? முகூர்த்தத்துல ஆட்டையே கட்டிக்கினு உக்காரப் போறேன். அந்தக் கெழவி தொட்டுப் பாத்து, நல்லா இருக்குதேமான்னு சொல்லணும்."

நான் அன்றைக்குச் சிரித்ததுபோல் ரொம்ப நாளாகச் சிரிக்கவில்லை. மகள் பிறந்த பிறகு எதைச் செய்தாலும் இது சரியா, அது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பெண்ணின் தைரியம் காய்ச்சலுக்குக் கொடுத்த கஷாயம் மாதிரி இருந்தது. வேறு வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு வரைந்தேன். புடவையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஆடும் குட்டியும் நடந்துபோகும். கட்டிக்கொண்டால் அவளைச் சுற்றி நடக்கும். சொல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்கு இலையாகத்தான் தெரியும்.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். "இது எனக்கு மட்டும்தானேக்கா? கடைல போய் நிக்கும்போது இன்னொருத்தி மேல இருந்துச்சின்னா எனக்கு மனசு விட்டுப் போயிடும்."

"உனக்கு மட்டும்தான். வேற யாருக்கும் தர மாட்டேன்" என்றேன். எங்கள் பின்தெருவில் இருக்கும் ஒரு தம்பதி, கையிலிருக்கும் வேலை முடிந்ததும் அவள் புடவையைத் தறியில் ஏற்றுவதாகச் சொன்னார்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம். கணக்கைத் திறக்கப்போனால் கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. என் முதல் எண்ணம், நான் மறந்துவிட்டேன் என்பதுதான். மகள் பிறந்ததிலிருந்து உப்பு போட்டேனா இல்லையா என்பதே நினைவில் நிற்பதில்லை. சரி, மறந்துவிட்டதா என்ற இடத்தை அழுத்தினேன். உங்கள் சொந்த ஊர் எது என்றது. கூரம் என்றேன். தவறு. திருப்புட்குழி. தவறு. காஞ்சிபுரத்தைத் தெரிந்த எழுத்துகளிலெல்லாம் எழுதிப் பார்த்தேன். பிறகு முயலவும் என்று சொல்லித் தளம் கதவைச் சாத்திவிட்டது. சொந்தக் கணக்கின் வாசலில், சொந்த ஊர் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கூடத்துக்குப் போய், "மாமா, எனக்கு ஒரு ஓடிபி வந்தாலும் வரும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"நேத்தே வந்துச்சேமா. படிச்சேனே."

"எனக்கு எதுவும் வரல மாமா. நான் எதுவும் கேக்கலியே."

"நீ பாப்பாவ தூங்க வெச்சிக்கினு இருந்த. சின்னவன்தான் எழுதிக்கினான். அண்ணிக்குதாம்பா, படிங்கன்னு சொன்னான்."

பிறகுதான் என் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள் என்று முந்தின நாளே ஒரு கடிதம் வந்திருந்தது. தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. அழுத்தினேன். அதற்கான நேரம் முடிந்துவிட்டது என்றது.

கொழுந்தனாருக்குக் காந்தி ரோட்டில் சின்னப் புடவைக் கடை. எங்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். கெட்டவர் இல்லை. என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார். எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்ததே அவர்தான், அதனால் கணக்கைத் திறக்கத் தேவையான என் மின்னஞ்சல் முகவரியும் அவருக்குத் தெரியும். மாலையில் காபிக்கு வந்தவரிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"ஆமா அண்ணி, நான்தான். ஒரு புது டிசைன் அர்ஜென்ட்டா தேவைப்பட்டுச்சு. உங்கள எழுப்பினா பாப்பா எழுந்துக்கும்."

"தம்பி, எதை எடுத்தீங்க?"

"அந்த இலை மாதிரி இருக்குமே, சின்னதும் பெருசுமா. சூப்பரா இருக்குது அண்ணி. அட்டை குத்த கொடுத்துட்டேன்."

"அது இன்னொருத்தருக்காக வரைஞ்சது. அவங்களுக்கு மட்டும்னு சொல்லியிருக்கேன்."

"ஒரு பார்டர்தானே. கலர மாத்திட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"ரகசியக் கேள்விக்கு என்ன பதில் போட்டீங்க?"

"அதுவா? ரெண்டு மூணு போட்டேன். எதோ ஒண்ணு வுழுந்துச்சு." சிரித்தார். "நீங்க இன்னா போட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? புது பாஸ்வேர்ட் பாப்பா பேருதான். போய்த் திறந்துக்கோங்க."

என் கணக்கின் சாவியை அவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன்.

இதை யோசித்து யோசித்து எனக்கு வந்த கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. அந்தக் கேள்வியை எழுதியவர் யாரோ, அவர்மேலும் வந்தது. எனக்கு மட்டும் தெரிந்த பதில் என்று அவர் நினைத்தவை எவை? சொந்த ஊர், அம்மா பெயர், முதலில் படித்த பள்ளி, செல்லப் பெயர். எங்கள் கல்யாணப் பத்திரிகையை ஒருமுறை படித்தால் அதில் பாதி கிடைக்கும். மீதியை மாமியார் குமரகோட்டத்தில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது கேட்கலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் நட்சத்திரமும் ராசியும் மூச்சுவிடாமல், பின்வரிசைக்கும் கேட்கும்படி வரும். பெண் பார்க்க வருவதற்கு முன்பே என் பிறந்த நேரம் எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்தது. ஒரு பெண்ணைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளை ஒரு வீட்டுக்குள் விடுகிறார்கள். அந்த வீட்டுக்காரர்களிடமிருந்தே அவளைக் காப்பாற்றும் பூட்டுக்கு, அவள் ஊர்ப் பெயரா சாவி?

அந்த ராத்திரிச் சாப்பாட்டின்போது, "கேட்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாமா வார்த்தை இது? அவன் வெளியாளா? வூட்டுக்குள்ள இன்னா திருட்டு? நீ வரையறது இந்த வூட்டு கரன்ட்ல, இந்த வூட்டு டேபிள்ள."

"டேபிள் வீட்டோடதுதான் அத்தை. வாக்கு நான் கொடுத்தது."

"விடு. அவன் தெரியாம பண்ணிட்டான்" என்றார் என் கணவர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்த களைப்பு அவருக்கு.

"தெரிஞ்சுதாங்க பண்ணாரு. என்னைத் தெரியாதவங்களால அந்தப் பதிலைப் போட்டிருக்கவே முடியாது."

மாமனார் தட்டைப் பார்த்தபடி, "நான் யாருக்குப் படிச்சேன்னு எனக்கே தெரியலியேமா. அதுல பேரு போட்டிருக்க மாட்டான்" என்றார். உண்மைதான். அந்தக் குறுஞ்செய்தியில் எண் இருக்கும், எச்சரிக்கை இருக்கும், யாருடைய கணக்கு, யார் கேட்டார்கள் என்பது மட்டும் இருக்காது.

மறுநாளே கடவுச்சொல்லை மாற்றினேன். எண்ணையும் மாற்றினேன். என் பெயரில் புதிதாக ஒரு சிம் வாங்கி, அதைக் கொடுத்தேன். சொந்த ஊர் கேள்விக்கு இந்தத் தடவை ஒரு பொய்யை எழுதினேன். எந்த ஊருக்கும் பெயராக இல்லாத ஒரு வார்த்தை. பழைய பதில் என்ன என்று பார்க்கலாம் என்றால் தளம் காட்டவில்லை, வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. கொழுந்தனாரிடம் அந்த பார்டரைத் தறியில் ஏற்றவேண்டாம் என்று மறுபடி சொன்னேன். "பாக்கலாம் அண்ணி" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது தெரிந்தும், அதை நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? ஒன்றும் நடக்காமல் போனால் எதற்குக் கல்யாண நேரத்தில் கலங்கவைப்பது என்று நினைத்தேன்.

நடந்தது. ஒரு நாள் காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கொழுந்தனாரின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், பச்சையில் ஒரு புடவை. கூடவே 'துளிர் பார்டர், புது வரவு' என்று ஒரு அட்டை. படத்துக்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, என் ஆடு கடைக்குப் போயிட்டுது."

உடனே கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீங்க குடுத்தீங்களாக்கா?"

"நான் கொடுக்கல. என் கணக்கைத் திறந்து எடுத்துட்டாங்க. எடுத்தது என் வீட்டுக்காரரோட தம்பி. எனக்கு முன்னாடியே தெரியும், உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

"நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

நான் வழக்கமாகச் செய்வது எனக்குத் தெரியும். கணவரிடம் சொல்வேன், அவர் தம்பியிடம் சொல்கிறேன் என்பார், நான் காத்திருப்பேன். வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. ஆனால் சொன்னது வேறு. "கடைக்கு வரேன். நீயும் வா."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் எங்கே என்று கேட்பார்கள், கேட்டால் நின்றுவிடுவேன் என்று பயம். அவள் வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், மேல் அங்கியில் மருந்துக் கறையோடு. கடையில் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் விரித்துப் போட்டிருந்தது அந்தப் பச்சைப் புடவைதான்.

"வாங்க அண்ணி! பாப்பா, சித்தப்பாகிட்ட வா" என்று கொழுந்தனார் கை நீட்டினார். மகள் தாவப் பார்த்தாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இந்தப் புடவையை எடுத்து உள்ள வைங்க."

"அண்ணி, கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டும். இது நான் வரைஞ்சது. என்னைக் கேக்காம, என் கணக்கைத் திறந்து எடுத்தீங்க. இது இந்தப் பொண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்த... கொடுத்த வாக்கு." வார்த்தை தடுமாறியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எடுத்து உள்ள வைங்க."

வெளியூர் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பிரச்சினை? துளிர் நல்லாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் முன்னால் வந்து பார்டரின் மேல் விரலை வைத்தாள். "துளிர் இல்லைங்கம்மா இது. ஆட்டுக் குளம்பு. இது பெரிய ஆடு, இது குட்டி. தெனம் ஊசி போடறவ நான், எனக்குத் தெரியாதா?"

"ஆட்டுக் காலா!" அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். "அப்போ வெள்ளிக்கிழமை கட்ட முடியாதே!"

அவருடைய மகள் குனிந்து நெருங்கிப் பார்த்தாள். "அம்மா, எனக்கு இப்பதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தனாருக்கு வரவில்லை. முகம் சிவந்து புடவையை மடித்தார். மடிக்கும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி, "இத வூட்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார்.

"வீட்டுலதான் சொன்னேன்" என்றேன். "ரெண்டு தடவை."

புடவை உள்ளே போயிற்று, அட்டையும் கண்ணாடியிலிருந்து போயிற்று. துளையிட்ட அட்டைக் கட்டை அன்று மாலையே கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

கடைக்கு வெளியே அந்தப் பெண்ணிடம் கேட்டேன், வேறு வரைந்து தரட்டுமா என்று. தறியில் பாதிக்குமேல் நெய்தாகிவிட்டது, ஆனாலும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் வண்டியின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே யோசித்தாள்.

"வேணாம்கா. எனக்கு இதுதான். கடைல இருந்தது இலை, நான் கட்டப்போறது ஆடு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா இனிமே யாரும் உள்ள வராம பாத்துக்கோங்க. என்னுது மட்டும் இல்ல. உங்ககிட்ட வர்ற எல்லாருதும்."

"பாத்துக்கறேன்" என்றேன்.

பிறகு வீட்டில் பல நாட்கள் மாமியார் என்னோடு மகள் வழியாகத்தான் பேசினார். "பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, சாம்பார் பொங்குதுன்னு." இன்னும் பேச்சு வராத குழந்தை இருவரையும் பார்த்துக் கைதட்டும். மாமனார் ஓடிபியைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது ஒரேயடியாக மறுகோடிக்குப் போய்விட்டார். சிலிண்டர் கொண்டுவந்தவரையே, "முதல்ல உன் ஐடிய காட்டுபா" என்று வாசலில் நிறுத்துகிறார். அந்தப் பெண்ணின் கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போயிருந்தேன். அந்தக் கிழவி முந்தானையைத் தொட்டுப் பார்த்தாரா என்று கூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வெளியாட்கள் முன்னால் கொழுந்தனாரைத் தலைகுனிய வைத்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். யோசிக்காமல் இருக்க எனக்கு வராது. ஆனால் எத்தனை முறை யோசித்தாலும் மறுபடி அதைத்தான் செய்வேன். அதற்குப் பெயர் திருட்டுதான். எங்கள் வீட்டில் அதை அப்படிச் சொன்னவள் நான் ஒருத்திதான், இப்போதும் சொல்கிறேன்.

இப்போது எனக்கு வேறொரு தலைவலி. அந்தத் தளம் ரகசியக் கேள்விகளைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, உள்ளே போகும்போதெல்லாம், 'நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரைச் சேர்க்கவும்' என்கிறது. என் கைப்பேசி தொலைந்தாலோ எனக்கு ஏதாவது ஆனாலோ, அந்த ஒருவர் மூலமாகத்தான் கணக்கைத் திறக்க முடியும். கணவர், "என் நம்பர போடேன், இதுல இன்னா இருக்குது?" என்கிறார். அவரை நம்புகிறேன். ஆனால் அவர் கைப்பேசியை மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவார், அதைத் திறக்கத் திரையில் விரலால் போடும் கோலம் அவர் தம்பிக்கும் தெரியும். என் அம்மாவின் கைப்பேசியில் எது வந்தாலும் என் அண்ணன்தான் படித்துச் சொல்கிறான். ஒரு தோழி இருக்கிறாள், அவளுடைய கடவுச்சொற்கள் எல்லாம் அவள் கணவரின் கைப்பேசியில் சேமிக்கப்பட்டிருக்கின்றன.

அதனால் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். காலியாக வைத்திருப்பதும் பயமாக இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், என்னை நம்பிக் கொடுத்த பெண்களின் வேலை எல்லாம் உள்ளேயே கிடந்து போகும். யாராலும் திறக்க முடியாததுதான் பத்திரமா, ஒரே ஒருவரால் திறக்க முடிந்தால் பத்திரமா?

என்னைப்போல் ஆள் நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். அந்த இடத்தில் நீங்கள் யாரைப் போட்டீர்கள்? கணவரிடம் உங்கள் எண் வேண்டாம் என்று எந்த வார்த்தையில் சொன்னீர்கள், அவர் மனம் நோகாமல் சொல்ல முடிந்ததா? எந்த யோசனையானாலும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த யோசனை என்னிடம் நிறைய இருக்கிறது.